ஆடிக்கு முன் இரண்டு இறந்தகாலம்

ஜூலை 4, சனி

புழுக்கம். மணலிப் பக்கத்து நாற்றம் காலையிலேயே வந்துவிட்டது, ஜன்னலைச் சாத்தினேன். இன்றைய வேலை: துணி, ரேஷன், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, ஸ்பானிஷ் இறந்தகாலம். முதல் மூன்றும் முடிந்தன.

அம்மா இன்று வாய் திறந்தாள். இத்தனை நாளாகத் தங்கச்சி கல்யாணப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்விடுவாள். இன்று சோறு வடித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல்:

"அந்தப் பையன் போன்ல இளிக்கிறது, கை ஆட்றது எல்லாம் போதும். அவன பெத்தவ எங்கிட்ட பேசட்டும். பழச கேட்டாத்தான் மனுசி இன்னான்னு தெரியும். ஆடி பொறக்கறதுக்குள்ள பேசணும். அப்பால நான் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டேன்."

"அவங்களுக்கு ஸ்பானிஷ் மட்டுந்தாம்மா தெரியும்."

"நீதான் தீபாவளிலேர்ந்து போன வெச்சிகினு ஓலா ஓலான்னு கத்திகினு கீறியே. நீ சொல்லு. அந்தப் பையனும் உன் தங்கச்சியும் நடுவுல வரக் கூடாது. அவங்க மாத்திச் சொல்லுவாங்க."

சந்தோஷம். பயமும்.

விவரம் எழுதி வைக்கிறேன், பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும். தங்கச்சி ஷாலினி (இனி ஷா.) உல்லாசக் கப்பலில் கேக் செய்யும் பிரிவு. மத்தியாஸ் (மத்.) அதே கப்பலில் எஞ்சின் ரூம். ஊர் வால்பரைசோ, சிலி நாடு. அதுவும் நம்மைப் போல ஹார்பர் ஊர்தான். அவன் அம்மா பெயர் எலேனா. கப்பலில் இவர்களின் ஒப்பந்தம் முடியப்போகிறது. கல்யாணம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்ததும் ஒரே கப்பல், இல்லாவிட்டால் ஆளுக்கொரு கடல். அம்மா சரி என்று சொல்லாமல் எழுதிக் கொடுக்க மாட்டாளாம் ஷா. அம்மா வேண்டாம் என்றால் அவனை விட்டுவிடுவாளாம். விடுவாள். பிடிவாதத்தில் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ஆக, என் தலையில்.

நான் ஸ்பானிஷ் ஆரம்பித்ததே உளவு பார்க்கத்தான். மத். இவளுக்கு என்ன எழுதுகிறான் என்று தெரிய வேண்டாமா? அப்புறம் பிடித்துப்போய்விட்டது. இப்போது வண்டி ஓடும். நிகழ்காலம் தண்ணி பட்ட பாடு. எதிர்காலம் சமாளிப்பேன். இறந்தகாலத்தில்தான் பஞ்சர்.

ஆப்லே. பேசினேன்.
ஆப்லாபா. இதுவும் பேசினேன்!
ஃபுயி. போனேன். இருந்தேன் என்பதற்கும் ஃபுயி. யாரிடம் போய் முறையிட?

வீடியோவில் சொல்லித்தரும் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறாள், ஒன்று முடிந்தது, இன்னொன்று முடியாதது என்று. முடியாதது எப்படியம்மா இறந்தகாலம்? ஒரு இறந்தகாலம் போதாதா இவர்களுக்கு? அம்மா கேட்கப்போவது முழுக்கப் பழசு. நான் தப்பாகச் சொன்னால் தங்கச்சி வாழ்க்கை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் என்று ஷா.விடம் சொல்லியாயிற்று. அங்கே அப்போது காலை.

ஜூலை 6, திங்கள்

மெட்ரோவில் டோல்கேட்டிலிருந்தே உட்கார இடம். அதிசயம். திருவொற்றியூர் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன், எதிர் சீட்டுக் குழந்தை பயந்துவிட்டது.

யார்டில் இன்று வண்டி அதிகம். என் வேலை கேட்டில் உட்கார்ந்து கன்டெய்னர் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. உள்ளே வந்தால் கேட்-இன், வெளியே போனால் கேட்-அவுட். அதையே ஸ்பானிஷில் சொல்லிப் பார்த்தேன். எந்த்ரோ, உள்ளே வந்தது. சலியோ, வெளியே போனது. எந்த்ரோ, சலியோ, எந்த்ரோ, சலியோ.

கேட்டில் செக்யூரிட்டி ரஃபி பாய். "இன்னா தேனு, வண்டிக்கு ஓதி வுட்றியா?"

"பாய், ஒண்ணு கேக்கறேன். பொட்டி உள்ள வந்தத எழுதறோம், வெளிய போனத எழுதறோம். நடுவுல உள்ள கெடக்குதே, அத எழுதறோமா?"

"கெடக்கறத எவன் எழுதுவான்? அது பாட்டுக்குக் கெடக்கும்."

எஸ்தாபா! கிடந்தது! அதுதான் இரண்டாவது! பாயைக் கட்டிக்கொள்ளாத குறை. டீ வாங்கிக் கொடுத்தேன். "இன்னாத்துக்கு?" என்றார். "கெடந்ததுக்கு" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் பாதிதான் பிடிபட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி போட்டால் பத்தில் ஐந்து தப்பு. கன்டெய்னர் கிடக்கும் சரி, மனுஷன் எங்கே கிடக்கிறான்?

மாவு தீர்ந்துவிட்டது. நாளை தோசை இல்லை.

ஜூலை 7, செவ்வாய்

பிடித்துவிட்டேன் பிடித்துவிட்டேன் பிடித்துவிட்டேன்.

நிதானமாக எழுதுகிறேன். சேகர் சாயங்காலமே வந்துவிட்டார். (என் வீட்டுக்காரர். டிரெய்லர் ஓட்டுகிறார்.) முகமெல்லாம் வேர்வை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"எர்ணாவூர் தாண்டி வந்துகினு இருந்தேன். மழை தூறிகினு இருந்துச்சு. முன்னால ஒரு கேஸ் வண்டி போய்கினு இருந்துச்சு. நான் பாட்டு கேட்டுகினு சிவனேன்னு ஓட்டிகினு இருந்தேன். பட்டுனு ஒரு எருமை குறுக்க பூந்துச்சு பாரு!"

நான் நின்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"திரும்பச் சொல்லுங்க."

"எருமை பூந்துச்சுடி!"

"அது இல்ல, மழையிலேர்ந்து."

"மழை தூறிகினு இருந்துச்சு."

"யோபீயா! அப்புறம்?"

"கேஸ் வண்டி போய்கினு இருந்துச்சு."

"ஈபா! எருமை?"

"பூந்துச்சு."

"எந்த்ரோ! எந்த்ரோ! எருமை எந்த்ரோ!" கையைத் தட்டினேன்.

அவர் என்னையே பார்த்தார். "ஏன்டி, புருஷன் உயிரோட வந்து நிக்கிறேன். வண்டி இன்னா ஆச்சு, நீ இன்னா ஆனேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? எருமைக்குக் கை தட்ற."

பாவம். ஒன்றும் ஆகவில்லை, பிரேக் போட்டார், எருமை ஆடி அசைந்து போயிற்று. ஹெட்லைட் ஓரம் மட்டும் கீறல். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், முட்டை ஆம்லெட் போட்டேன். ஆனால் மனசெல்லாம் அந்த எருமைதான். இந்த ஊரில் எவன் கதை சொன்னாலும் இப்படித்தானே சொல்கிறான்! இருந்துகினு இருந்துச்சு, நின்னுகினு இருந்தான், பேசிகினு இருந்தோம் என்று முதலில் எல்லாவற்றையும் பரப்பி வைப்பான். அப்புறம் பட்டென்று ஒன்று நடக்கும். பரப்பி வைப்பதெல்லாம் ஒரு இறந்தகாலம், பட்டென்று விழுவது இன்னொன்று. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். எட்டு மாதமாக வீடியோவில் தேடினேன்.

பயிற்சி: இரண்டே தப்பு. அந்த இரண்டும் ஒரே மாதிரித் தப்பு. "சின்ன வயதில் தினமும் பள்ளிக்குப் போனேன்." பட்டென்று விழுவதும் இல்லை, பரப்பியும் கிடக்கவில்லை. ஆனால் ஈபா-தான் சரி என்கிறது. ஏன்?

அம்மா படுக்கையில் இருந்தபடி: "இன்னாடி உளறிகினு கீற?" "எருமைம்மா." "ஆமா, அதான் பாத்துகினு கீறேனே."

ஜூலை 8, புதன்

வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் கடல் காத்து, கொஞ்சம் பரவாயில்லை. மீன் வாங்கப் போகவில்லை, முருங்கைக்காய்க் குழம்பு.

அதற்கு அம்மா முணுமுணுப்பு. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பா பேச்சை எடுத்தாள். அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். மாரடைப்பில் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வார்த்தை மாறாமல்.

"ஞாயித்துக்கெழமைன்னா விடிகாலைல காசிமேட்டுக்குப் போவாரு. வவ்வாலு மீனு வாங்கினு வருவாரு. வர வழியிலயே அந்த வூட்டுக்கு ரெண்டு, இந்த வூட்டுக்கு ரெண்டுன்னு குடுத்துகினே வருவாரு. நம்ம வூட்டுக்கு வரச்சொல வாலுதான் மிச்சம். நான் கத்துவேன். அவரு சிரிப்பாரு."

சோறு கையில் காய்ந்துவிட்டது எனக்கு.

போவாரு. வருவாரு. குடுப்பாரு. சிரிப்பாரு. இதில் ஒன்றாவது இறந்தகாலமா? எல்லாம் எதிர்காலம்! நாளைக்கு வருவார் என்பதற்கும் வருவார், பழைய ஞாயிற்றுக்கிழமை வந்ததற்கும் வருவார். நாம் இப்படித்தான் பேசுகிறோம், நினைத்தே பார்த்ததில்லை. பழக்கமாக, திரும்பத் திரும்பச் செய்ததையெல்லாம் வருவார் போவார் என்கிறோம். இதுதான் ஈபா. இதுதான் அந்த இரண்டு தப்புக்கும் விடை. தமிழில் அதற்கு வேறு உடுப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் அழுகை வந்துவிட்டது. இறந்து போனவரை நாம் எதிர்காலத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோமே. இன்னும் வரப்போகிறவரைப் போல.

அம்மா பதறிவிட்டாள். "இன்னாத்துக்குடி அழுவுற? மீனுதானே, நாளைக்கு வாங்கிக்கலாம்."

ஈபா (போவார்). வொல்பீயா (வருவார்). தாபா (கொடுப்பார்). சே ரெயீயா (சிரிப்பார்). பத்துக்குப் பத்து.

ஜூலை 9, வியாழன்

ஆபீஸில் சர்வர் படுத்துவிட்டது. பேப்பரில் எழுதி எழுதிக் கை ஒடிந்தது. ரஃபி பாய் என்னைப் பார்த்து "எந்த்ரோ" என்கிறார் ஒவ்வொரு வண்டிக்கும்.

ஷா. போன். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில். நாளையிலிருந்து கடலுக்குள், சிக்னல் இருக்காது. அடுத்த துறைமுகம் வரும்வரை அவளும் இல்லை, மத்.-உம் இல்லை. அம்மா கேட்டது போலவே நடுவில் யாரும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொன்னாள். குரல் இறங்கிப்போய்.

"அக்கா, மத்தியாஸோட அப்பா வுட்டுட்டுப் போயிட்டாரு. அவன் சின்னப் புள்ளையா இருக்கச்சொல. அம்மா கேட்டா செத்துட்டாருன்னு சொல்லிடு."

"என்னாடி சொல்ற?"

"அம்மாவப் பத்தித் தெரியாதா உனக்கு? ஓடிப்போனவன் புள்ளன்னு தெரிஞ்சா அங்கயே முடிஞ்சிது. ஒரே வார்த்தை அக்கா. நீ சொல்றதுதானே அம்மா காதுல வுழப்போவுது."

கோபம் வந்தது. என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டு என்னையே பொய் சொல்லச் சொல்கிறாள். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. சரி என்றேன்.

முரியோ. இறந்தார். ஒரே வார்த்தைதான். இது பட்டென்று விழும் ரகம், இலக்கணத்தில் சிக்கலே இல்லை.

சொல்லிவிடுவேன்.

ஜூலை 11, சனி

மழை. நல்ல மழை. ஹவுசிங் போர்டு மாடிப்படி முழுக்கத் தண்ணீர். மின்சாரம் போய்ப் போய் வந்தது, போனை சார்ஜில் போட்டே வைத்தேன்.

நாளைக்கு வேண்டியவை: அம்மாவுக்குப் பச்சைப் புடவை. எனக்கு ஏதோ ஒன்று. பின்னால் அப்பா படம் தெரிய வேண்டும் என்கிறாள் அம்மா, பூ வாங்க வேண்டும். போனைச் சாய்த்து வைக்கத் தண்ணீர்க் குடம். சேகர் வாயை மூட ஏதாவது.

என்ன கேட்கப்போகிறாய் என்று அம்மாவைக் கேட்டேன், முன்கூட்டியே தயார் செய்ய. "அது அப்போ வர்றதுதான். எழுதி வெச்சிகினு கேக்க நான் இன்னா ஆபீசரா?"

சிலிக்காரர்கள் பேசும் வீடியோ இன்று நிறையப் பார்த்தேன். எனக்குச் சொல்லித்தரும் ஸ்பெயின்காரி ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைக்கிறாள். இவர்கள் கடைசியில் வரும் ஸ-வை விழுங்கிவிடுகிறார்கள், வார்த்தையைப் பாதியில் விடுகிறார்கள், வேகம் வேறு. மற்ற ஊர்க்காரர்கள் இவர்களைக் கிண்டல் செய்வார்களாம், இது என்ன பாஷை என்று. நம் மெட்ராஸ் பாஷைக்கும் இதே கிண்டல்தானே. எனக்கு ஒரே குஷி. ஆக, இவர்கள் அங்கத்திய நம்மாட்கள்.

கண்ணை மூடினால் எருமை வருகிறது.

ஜூலை 12, ஞாயிறு

காலை. வானம் தெளிவு. வஞ்சிரம் வாங்கி வந்தார் சேகர். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அதே நாள், எல்லாம் முடிந்த பிறகு. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. எலேனா அம்மா. குட்டை முடி, கனமான ஸ்வெட்டர், கையில் டீ. அங்கே குளிர்காலம். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஹார்பர் கிரேன்! அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். "ஏய், அங்கயும் கிரேனு கீதுடி." சொன்னேன். எலேனா அம்மா போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். அம்மா முகம் கொஞ்சம் இளகியது.

அப்புறம் எங்கள் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்து எலேனா அம்மா கேட்டார், கோமோ ஏரா? எப்படிப்பட்டவர்?

அம்மா ஆரம்பித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, காசிமேடு, வவ்வால், வால் மிச்சம், கத்துவேன், சிரிப்பார். நான் கூடவே சொன்னேன். ஈபா, வொல்பீயா, தாபா. எங்கும் நிற்கவில்லை, எதையும் தேடவில்லை, வாய் தானாக ஓடியது. எலேனா அம்மா மீன் வால் வந்தபோது சரியாக அந்த இடத்தில் சிரித்தார். சிரித்தார்! நான் சொன்ன இறந்தகாலத்தைக் கேட்டு உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு மனுஷி சிரித்தார். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. பறந்துகொண்டிருந்தேன்.

பறந்துகொண்டிருக்கும்போதே அம்மா கேட்டாள். "அவங்க வூட்டுக்காரரு?"

கேட்டேன். எலேனா அம்மா டீயைக் கீழே வைத்தார். மறைக்கவில்லை, இழுக்கவில்லை.

"சே ஈபா இ வொல்பீயா. உன் தீயா, சே ஃபுவே."

எனக்கு அது ஸ்பானிஷாகவே கேட்கவில்லை. நேராகத் தமிழில் வந்து விழுந்தது. இரண்டு இறந்தகாலமும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று, அத்தனை சுத்தமாக. அந்தக் குஷியில் அப்படியே அம்மா பக்கம் திரும்பி:

"போவாராம், வருவாராம். ஒரு நாள் போயிட்டாராம்."

சொன்ன பிறகுதான் ஷா. ஞாபகமே வந்தது.

"எங்க போயிட்டாரு?" அம்மா.

இனி என்ன சொல்ல? "வுட்டுட்டுப் போயிட்டாரும்மா. மத்தியாஸ் சின்னப் புள்ளையா இருக்கச்சொல."

அம்மா எழுந்தாள். புடவையை உதறிச் செருகினாள். "போய்ட்டு வரேன்னு சொல்லு." குரலில் ஒன்றுமே இல்லை.

வோய் இ புவெல்போ, என்றேன். எலேனா அம்மா தலையை ஆட்டினார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே சண்டை. பெரிய சண்டை.

"ஓடுனவன் புள்ள. அவனும் கப்பல்காரன். நாளைக்குப் போறேன்னு போய்ட்டா எம் பொண்ணு எந்தக் கரையில நின்னுகினு பாத்துகினு இருப்பா?"

"அப்பன வெச்சி புள்ளைய முடிவு பண்ணுவியா? அப்படின்னா எங்கப்பா மாதிரி நானும் ஊருக்கெல்லாம் மீன் குடுக்கணும். ஒரு துண்டு குடுப்பனா நானு?"

"நீ எச்சக் கையால காக்கா ஓட்ட மாட்ட, அது வேற."

"வேறதானே! அதத்தான் சொல்றேன்!"

அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். நான் அழுதேன். ஷா.வுக்குச் செய்த துரோகத்துக்கு அழுதேன். சரி என்று சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாமல், மொழி புரிந்த ஜோரில் தங்கச்சி வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டேன். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்காமல். குழம்பைச் சூடு பண்ணினாள். அது ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

அப்போது கூடத்திலிருந்து சேகர்.

"அத்தை! தேனு! வெளிய வாங்க. இந்தம்மா இன்னும் கீது!"

தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், போன் கட் ஆகவே இல்லை. எலேனா அம்மா அதே நாற்காலியில். டீ தீர்ந்துவிட்டது. மடியில் இப்போது ஒரு பூனை. இத்தனை நேரமும் சேகர் எதிரில் உட்கார்ந்து அவரிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். "எருமை கதைய சொன்னேன். நல்லா கேட்டுச்சு."

மன்னிக்கணும், ஏன் இன்னும் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

"உஸ்தே தீஹோ கே வொல்பீயா." வருவதாகச் சொன்னீர்களே.

அப்போதுதான் உறைத்தது. போய்ட்டு வரேன். நம் ஊரில் போறேன் என்று மொட்டையாக எவன் சொல்வான்? வாசலில் நின்று போறேன் என்றால் அம்மா விளக்குமாற்றைத் தூக்குவாள். அதை அப்படியே ஸ்பானிஷில் பெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். அங்கே அதற்கு, இதோ வந்துவிடுகிறேன், இருங்கள் என்று அர்த்தம். அவர் இருந்துவிட்டார்.

"இன்னா சொல்றாங்க?"

"நீ வரேன்னு சொன்னியாம். அதான் உக்காந்துகினு கீறாங்களாம்."

அம்மா அப்படியே நின்றாள். "நாம உள்ள கத்துனது கேட்டுதான்னு கேளு."

கேட்டேன். கேட்டதாம். வார்த்தை புரியவில்லையாம், ஆனால் தன்னைப் பற்றித்தான் என்று புரிந்ததாம். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாராம். வருவதாகச் சொன்னார்களே என்று உட்கார்ந்தாராம்.

இதைத் திருப்பிச் சொல்லும்போது நான் ஒன்றையும் மாற்றவில்லை.

அம்மா மெல்ல வந்து பாயில் உட்கார்ந்தாள். போனுக்கு மிகவும் கிட்டத்தில். "அவருக்கும் இப்படித்தான் காத்துகினு இருந்தீங்களான்னு கேளு."

"எஸ்பெரே," என்றார் எலேனா அம்மா. காத்திருந்தேன். பூனையைத் தடவினார். "தெஸ்புவே யா நோ." அப்புறம் இல்லை.

ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாராம். மத். பள்ளிக்கூடம் விட்டு அங்கே வருவானாம், மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவானாம். இவர் மீன் கழுவுவாராம், அவன் சத்தமாகப் படிப்பானாம். வருவான், எழுதுவான், கழுவுவேன், படிப்பான். நான் யோசிக்கவே இல்லை, எல்லாம் நம் தமிழாகவே வந்தது.

அம்மா வெகுநேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள். "அந்தாளு இப்ப திரும்பி வந்தா சேத்துப்பீங்களா?"

கேட்டேன்.

"நோ!"

அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "நீ சொல்லாத. எனக்கே புரிஞ்சிது." சிரித்துவிட்டாள். பல்லெல்லாம் தெரிய. அந்தப் பக்கம் அவரும். சேகர் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சம்பந்திம்மாகிட்ட சொல்லு, பையனுக்குக் காரம் கம்மியா ஆக்கிப் போடறேன்னு."

நான் போனை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னாடி, சொல்லு."

"அம்மா... சம்பந்திம்மான்னா சொன்ன?"

"பின்ன இன்னான்னு சொல்றது?"

அதற்கு ஸ்பானிஷ் வார்த்தை தெரியாது எனக்கு. சுற்றி வளைத்தேன். உங்கள் மகனின் மனைவியின் அம்மா உங்களுக்கு என்ன ஆவார், அது நீங்கள், அதுதான் அம்மா உங்களைக் கூப்பிட்டது... எலேனா அம்மா முகம் மெல்ல மெல்ல மாறியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பூனை குதித்து ஓடியது.

"கொன்சுவெக்ரா!"

இருக்கிறது! அவர்களிடமும் அந்த உறவுக்கு ஒரு சொல் இருக்கிறது!

"கொன்சு... இன்னாடி அது?" "சம்பந்திம்மா." அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. பரவாயில்லை என்றுவிட்டாள்.

அப்புறம் அம்மா நாள்காட்டியைப் பார்த்தாள். நாள் நல்லாத்தான் கீது, ஆடிக்கு முன்னாடி தட்டு மாத்திடணும் என்றாள். போன்லயா என்றார் சேகர். "வேற எதுல? நீ போய் வெத்தல பாக்கு வாங்கினு வா." ஓடினார். நான் விளக்கினேன்: இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் மாற மாட்டார்கள்.

"மொமெந்தோ," என்று உள்ளே போனார். அம்மா வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காயோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் வந்தார். தட்டில் ரொட்டி, ஒரு எலுமிச்சை, இரண்டு அவகாடோ. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சங்கிலி வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

இரண்டு பேரும் தட்டைப் போனை நோக்கி நீட்டினார்கள். கொஞ்ச நேரம் திரையில் ரொட்டி மட்டும்தான் தெரிந்தது.

"மாத்தியாச்சு," என்றாள் அம்மா.

ஷா.வுக்கு உடனே அனுப்பினேன். பொய் சொல்லல. அம்மா தட்டு மாத்திட்டாங்க.

ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. நடுக்கடல். எழுதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு டிக்தான்.